குமரியில் ஆஸ்பத்திரிக்கும் ஊர்க் காரியங்களுக்கும் சேர்ந்து குரல் கொடுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படிப்பகத் திண்ணை, பங்குப் பேரவை, மகளிர் குழுக் கூட்டம் என்று மாவட்டத்தில் எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை. அதனால் மேலிருந்து வாசித்தால் நல்லது.

1. நாங்க இருபது வீட்டுக்காரங்கதான். சங்கம் பதிவு பண்ணாம மனு குடுத்தா வாங்குவாங்களா?

வாங்குவார்கள். ஒற்றை ஆள் கொடுத்தாலும் அது மனுதான். ஊரில் காசு பிரிக்கத் தொடங்கும்போது பதிவைப் பற்றி யோசித்தால் போதும். அதுவரை ஐந்து பேர் கொண்ட குழு இருந்தாலே வேலை நடக்கும்: எழுதத் தெரிந்தவர் ஒருவர், திங்கட்கிழமைகளில் நாகர்கோவிலுக்குப் போய்வரக் கூடியவர் இருவர், வீடு வீடாக ஏறி இறங்க ஒருவர், கோப்பு வைத்துக்கொள்ள ஒருவர்.

இந்த ஐந்தில் கடைசி ஆள்தான் முக்கியம். கொடுத்த மனுவின் நகல், ரசீது, மனு எண், வந்த பதில், பேசிய அதிகாரியின் பதவி, தேதி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்க வேண்டும். மூன்றாவது மாதம் "அந்த ரசீது யாருகிட்ட இருக்கு?" என்ற கேள்வியிலேயே பல முயற்சிகள் நின்றுபோகின்றன.

2. பி.எச்.சி., தாலுகா ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் எல்லாம் கவர்மெண்ட்தானே. கலெக்டருக்கு ஒரு மனு போட்டா போதாதா?

போடலாம், ஆனால் அது ஒரு தபால்பெட்டி மாதிரிதான் வேலை செய்யும். உள்ளே மூன்று தனித்தனி இயக்குநரகங்கள் இருக்கின்றன. துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் (பி.எச்.சி.) பொது சுகாதாரத் துறையின் கீழ் வரும். மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு மாவட்ட சுகாதார அலுவலர் (முன்பு துணை இயக்குநர் என்பார்கள்). குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி போன்ற அரசு மருத்துவமனைகளும் பத்மநாபபுரத்தில் உள்ள மருத்துவமனையும் இணை இயக்குநர், நலப்பணிகள் என்பவரின் கீழ். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். நாகர்கோவில் மாநகராட்சிக்குள் இருக்கும் நகர்ப்புற நிலையம் என்றால் மாநகர் நல அலுவலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் கேட்டு இணை இயக்குநருக்கு எழுதினால், "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று பதில் வரும். பொய்யில்லாத பதில்தான். ஆனால் அது வந்து சேர ஒரு மாதம் போய்விடும். ஆகவே சரியான அலுவலரை "பெறுநர்" என்று போட்டு, கலெக்டருக்கு நகல் வையுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த நகலைப் பதிவு செய்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணில் பதிவு செய்வதும் எண் கிடைப்பதற்காகத்தான். கடற்கரை ஊர் என்றால் மாதந்தோறும் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுப்பலாம். அங்கே துறை அலுவலர்கள் எதிரிலேயே இருப்பார்கள்.

3. எங்க ஊரு பேரூராட்சி. கிராம சபையே கிடையாதாம். அப்ப தீர்மானம் எங்க போடது?

குமரிக்கே உரிய சிக்கல் இது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. அதில் 82 சதவீதம் பேர் "நகர்ப்புறம்". தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமுமாக இருக்கிற ஊர்கூடப் பேரூராட்சி என்பதால் நகரக் கணக்கில் விழுந்துவிடுகிறது. கிராம சபை ஊராட்சிகளுக்கு மட்டும்தான்.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, ஏரியா சபை என்று ஏற்பாடு வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பல இடங்களில் ஏரியா சபை கூடியது. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று செயல் அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். கூட்டம் நடக்கிற அறிகுறியே இல்லையா? வார்டு உறுப்பினர் வழியாகப் பேரூராட்சி மன்றக் கூட்டப் பொருளில் உங்கள் கோரிக்கையைச் சேர்க்கச் சொல்லுங்கள். மன்றத் தீர்மானத்துக்கு எண்ணும் தேதியும் உண்டு. துறைக்கு எழுதும்போது அதை மேற்கோள் காட்டலாம்.

இந்த "நகர்ப்புற" முத்திரையைச் சாக்காகச் சொல்லி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் ஒன்று நினைவிருக்கட்டும். தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் பொதுவாக 50,000 பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்கானது. சிறு பேரூராட்சிகள் சுகாதாரத் துறைக் கணக்கில் கிராமப்புற நிலையங்களோடுதான் சேர்கின்றன.

4. கிராம சபையில எல்லாரும் கை தூக்கினோம். இப்ப கேட்டா தீர்மானமே இல்லங்காங்க. ஏமாத்திட்டாங்களா?

கை தூக்கியது தீர்மானம் ஆகாது. பதிவேட்டில் எழுதி, வாசித்து, கையெழுத்தாக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அன்றைக்கு எழுந்து பேசுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

இன்னொரு ஓட்டை வருகைக் கணக்கு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று பிறகு யாரும் சொல்லலாம். ஆகவே பேசி முடித்ததும் கிளம்பிவிடாமல், வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்களா என்று பாருங்கள்.

5. உச்சைக்கு மேல டாக்டரு இருக்க மாட்டாருன்னு ஊருக்கே தெரியும். எதுக்கு இன்னும் கணக்கு எடுக்கணும்?

"ஊருக்கே தெரியும்" என்பதற்கு ஒரு வரியில் மறுப்பு எழுதிவிடலாம். "இந்த 12 வேலை நாட்களில் 9 நாள் மதியம் 2 மணிக்கு மருத்துவர் இல்லை, தேதிகள் இணைப்பில்" என்று வந்தால் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டியிருக்கும்.

இரண்டு வாரம் போதும். ஒரு நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, நேரம், மருத்துவர் இருந்தாரா, வரிசையில் எத்தனை பேர், திருப்பி அனுப்பப்பட்டவர் எத்தனை பேர். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் பாருங்கள். ஒரே ஆள் போனால் "தனிப்பட்ட விரோதம்" என்பார்கள்; நாலு பேர் முறை வைத்துப் போங்கள். நோயாளியின் பெயர், நோய், முகம் எதையும் பதிய வேண்டாம். டாக்டர் இல்லாத நாளில் அவர் வேறு நிலையத்தில் மாற்றுப்பணியில் இருந்தாரா, பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் போனாரா என்று செவிலியரிடம் தன்மையாகக் கேட்டு அதையும் எழுதுங்கள். பல இடங்களில் குற்றவாளி டாக்டர் அல்ல, காலிப் பணியிடம்தான். அதை முதலிலேயே கண்டுபிடித்தால் கோரிக்கையே மாறிவிடும்.

6. எத்தன கையெழுத்து வாங்கினா மதிப்பாங்க? ஆயிரம் வேணுமா?

ஆயிரத்துக்கு மந்திரசக்தி ஒன்றும் இல்லை. நிலையத்தைப் பயன்படுத்தும் எல்லா வார்டுகளிலிருந்தும் வந்த 300 கையெழுத்து, ஒரே தெருவின் ஆயிரத்தைவிடக் கனமானது. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கோரிக்கை முழுதாக அச்சாகியிருக்க வேண்டும். வெறும் தாளில் வாங்கி முன்னால் ஒரு மனுவைக் குத்தினால், எதற்கென்று தெரியாமல் போட்டோம் என்று பத்துப் பேர் சொன்னாலே கதை முடிந்தது. தாளுக்கு 25 பேர், பெயர், வீட்டு எண், வார்டு போதும். செல்போன் எண் எல்லாரிடமும் கேட்காதீர்கள். அந்தத் தாள் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது.

நேரம் பார்த்துப் போக வேண்டும். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார். மதியத்துக்கு மேல்தான் வீட்டில் கிடைப்பார். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண்களுக்கு மாலைதான். கடற்கரையில் ஞாயிறு பூசை முடிந்த நேரம் சரி. விசைப்படகுத் தடைக்காலமும் உதவும். நம் மாவட்டத்தில் அது இரண்டு: கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

7. மனு குடுத்து ரெண்டு மாசம். "பரிசீலனையில் உள்ளது"ன்னு மெசேஜ் மட்டும் வருது. அடுத்தது என்ன?

தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையோடு விரைவுத்தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்.

"ஏன் டாக்டர் போடவில்லை?" என்று கேட்காதீர்கள். "ஏன்" என்பதற்குப் பதில் தரக் கடமையில்லை. இருக்கிற ஆவணத்தைத் தருவதுதான் கடமை. கேட்க வேண்டியவை: அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் நிரப்பப்பட்டவையும் (பதவி வாரியாக), குறிப்பிட்ட இரண்டு மாத வருகைப் பதிவேட்டு நகல், மாற்றுப்பணி ஆணைகளின் நகல், உங்கள் மனு எண் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல். இவ்வளவுதான். இருபது கேள்வி அடுக்கினால் எளிதான மூன்றுக்கு மட்டும் பதில் வரும்.

8. "கோப்பு எங்களிடம் இல்லை"ன்னு எழுதிட்டாங்க. காசு போச்சா?

போகவில்லை. வேறு அலுவலகத்துக்குரியது என்றால் ஐந்து நாளில் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். அது சட்டத்தின் 6(3) பிரிவு. பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1)-இன் கீழ் எழுதுங்கள். அங்கும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். அங்கே எடுக்கக் காலமாகும் என்பதால், முதல் மேல்முறையீட்டிலேயே "ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்" என்றும் சேர்த்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நேரில் வருகிறார்கள் என்றதும் இல்லாத கோப்பு கிடைத்த அனுபவம் பல ஊர்களுக்கு உண்டு.

9. சுகருக்கும் பிரஷருக்கும் மருந்து இல்லன்னு வெளிய எழுதிக் குடுக்காங்க. இதுக்கெல்லாம் போராட்டமா?

வேண்டாம். மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி, மாவட்டக் கிடங்கு வழியாகத் தருகிறது. இருப்புக் குறையுமுன் நிலையத்திலிருந்து தேவைப் பட்டியல் போக வேண்டும். ஆகவே "மருந்து இல்லை" என்று எழுதாமல், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதிகளில் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். வெளியே எழுதிக் கொடுத்த சீட்டின் நகலைப் பெயரை மறைத்து இணையுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வரவேண்டியவர் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

நாற்காலி, குடிநீர், உடைந்த கழிவறைக் கதவு போன்றவற்றுக்கு நோயாளர் நலச் சங்கத்தில் நிதி உண்டு. கிராம அளவில் சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஒதுக்கீடு. அது எதற்குச் செலவானது என்று கிராம சபையில் கேட்கலாம். அப்படி ஒரு குழு இருப்பதே பல ஊர்களில் யாருக்கும் தெரியாது.

10. எங்களுக்குப் புதுசா ஒரு பி.எச்.சி. வேணும். கிடைக்குமா?

கடினமானது, ஆனால் வழி தெரிந்து கேட்க வேண்டும். விதிமுறைப்படி சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்கும், மலையில் 3,000 பேருக்கும். நெருக்கமாக வீடுகள் உள்ள கடற்கரை ஊர்கள் மக்கள்தொகையைக் காட்டி வாதாடலாம். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்துக் காணிக் குடியிருப்புகளுக்குத் தொலைவும் பஸ் நேரமும்தான் வாதம்: கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மழையில் எந்தப் பாதை அடைபடும், 108 வண்டி எந்த இடம் வரை ஏறும் என்று எழுதுங்கள்.

இடம் இல்லாமல் கேட்டால் கோப்பு நகராது. துறை பெயரில் மாற்றித்தரக் கூடிய புறம்போக்கு சர்வே எண்ணையோ தானமாகத் தருபவரின் ஒப்புதலையோ இணைத்துவிடுங்கள். அதுவரை, இருக்கும் துணை நிலையத்தில் வாரம் இருமுறை மருத்துவர் வருகை கேட்பது சிறிய கோரிக்கை, சீக்கிரம் கிடைக்கும். நெய்யூரில் 1838-லேயே மிஷன் வைத்தியம் தொடங்கிய மாவட்டம் இது. தனியாரும் மிஷன் ஆஸ்பத்திரிகளும் நிறைய இருப்பதால் "இங்கே அவசியமில்லை" என்ற வாதம் வரும். காசு கொடுக்க முடியாதவர் எத்தனை பேர் என்ற கணக்குதான் அதற்குப் பதில்.

11. ராத்திரி லாரியில ஆஸ்பத்திரிக் கழிவு கொண்டு தட்டிட்டுப் போறாங்க. நாங்களே அள்ளித் தீ வச்சிரலாமா?

தொடவே கூடாது, தீ வைக்கவும் கூடாது. ஊசியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. எரித்தால் ஆதாரமும் போகும், நச்சுப்புகையும் வரும். 2016 விதிகளின்படி மருத்துவக் கழிவுக்கு நிறப் பைகள் உண்டு: ரத்தம் பட்ட துணி, உடல் பாகங்களுக்கு மஞ்சள், குழாய், சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு, ஊசி, பிளேடுக்குத் துளையாத வெள்ளை டப்பா, கண்ணாடிக் குப்பிக்கு நீலம். பையில் பார்கோடு இருக்க வேண்டும். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது படம் எடுப்பது. முதலில் முழு இடமும் தெரிய ஒரு படம். பிறகு பார்கோடு, மருந்துச் சீட்டு, பில், லேபிள் என்று எந்த ஆஸ்பத்திரி என்று காட்டுகிற எதையும் கிட்டே. வண்டி எண், நேரம், கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை வழியா உள்வழியா என்பதும் வேண்டும். காவல் நிலையம், உள்ளாட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் ஆகிய மூவருக்கும் அன்றே எழுத்தில் கொடுங்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டிய கேரளக் கழிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிக் கேரள அரசே திருப்பி அள்ளிச் சென்றது. கழிவில் கிடந்த ஆஸ்பத்திரித் தாள்கள்தான் அங்கே துப்பு.

12. பள்ளிக்கூடம் பக்கத்துல டாஸ்மாக். எத்தன மீட்டர் விதி?

மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர். மற்ற இடங்களில் 100 மீட்டர். பேரூராட்சியும் 100-இல்தான் வரும். வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் இது பொருந்தும். நேர்கோட்டில் அளக்கக் கூடாது. ஆள் நடந்து போகும் வழியில் வாசலுக்கு வாசல் டேப் பிடித்து, வீடியோ எடுத்து, வரைபடத்தோடு கலெக்டருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் கொடுங்கள். கடை வந்தபிறகு கட்டிய கோயிலையும் குருசடியையும் காட்டினால் எடுபடாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2015 ஜூலை 31-இல் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். கோபுரம், கிணறு, மண்ணெண்ணெய் கேன் எதுவும் உங்கள் திட்டத்தில் இருக்கக் கூடாது. யாராவது சொன்னால் குழு அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும்.

13. ஆர்ப்பாட்டத்துக்குப் போலீஸ் அனுமதி எப்படி வாங்கது? தரலன்னா?

உட்கோட்ட டி.எஸ்.பி.க்கு ஒரு வாரம் முன்பே விண்ணப்பம்: தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், எதிர்பார்க்கும் ஆட்கள், கோரிக்கை, பொறுப்பாளர் இருவரின் எண். மாற்று இடம் ஒன்றையும் மாற்றுத் தேதி ஒன்றையும் நீங்களே எழுதிவிட்டால் மறுக்கக் காரணம் குறையும். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக அது தேவை. ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது.

சாலையும் ரயிலும் வேறு கணக்கு. ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பர் 7-இல் மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தது உயிர் போகிற நெருக்கடி. ஒரு டாக்டர் பணியிடத்துக்காக அதைப் பின்பற்றினால், ரயில்வே சட்டம் 174-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை தண்டனைக்குரிய வழக்கும், வாய்தாவுக்கு அலையும் இளைஞர்களும்தான் மிஞ்சும். பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள மாவட்டம் இது.

14. சாமியாரு (பங்குத்தந்தை) தலைமையில நடத்தினா ஆளு வரும். ஆனா மத்தவங்க ஒதுங்குவாங்க. என்ன செய்ய?

பங்குத்தந்தை, போதகர், ஜமாஅத் தலைவர், கோயில் கமிட்டி எல்லாரிடமும் போய்ச் சொல்லுங்கள். அறிவிப்புக்கு அவர்களைவிட வேகமான வழி இல்லை. கூட்டம் மட்டும் படிப்பகத்திலோ பள்ளியிலோ நடக்கட்டும். 1982 மண்டைக்காடு கலவரத்தின் நினைவு இன்னும் பல ஊர்களில் ஆறவில்லை. ஒரு மதத்தின் காரியம் என்ற பேச்சு கிளம்பினால் மருத்துவமனைக் கோரிக்கை காணாமல் போய்விடும். கட்சிக்காரர்களுக்கும் இதேதான்: வரலாம், பேசலாம், கொடி வேண்டாம். எல்லாக் கட்சியையும் ஒரே நாளில், ஒரே வாசகக் கடிதத்தோடு அழையுங்கள்.

15. ஆஸ்பத்திரியில சண்டையானப்ப வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டோம். தப்பா?

தப்பும் ஆபத்தும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கும் மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்துவதற்கும் எதிராகத் தமிழ்நாட்டில் 2008-இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ஜாமீனில் வரமுடியாத குற்றம். உங்கள் வீடியோவே அதற்குச் சாட்சியாகும். பின்னணியில் பிரசவத்துக்கு வந்த பெண்ணின் முகம் தெரிந்தால் அவர் குடும்பமும் உங்களுக்கு எதிராகப் போகும்.

16. மணல் ஆலையாலதான் எங்க ஊர்ல கேன்சர்னு நோட்டீஸ் அடிக்கலாமா?

அந்த வாக்கியத்தை அப்படியே அடிக்க வேண்டாம். மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் (தோரியம் உள்ள கனிமம்) மணல் இருப்பதால் இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல். இதே மாதிரியான கேரளக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அங்கே இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அது சொல்லவில்லை. நீங்கள் "ஆலைதான் காரணம்" என்று எழுதினால் எதிர்த்தரப்பு அந்த ஒரு ஆய்வைக் காட்டி முழு நோட்டீஸையும் தள்ளிவிடும்.

ஆனால் இயற்கையாக மணலில் கிடப்பது வேறு, அதைத் தோண்டிப் பிரித்துக் கழிவைக் கையாள்வது வேறு. கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எங்கள் ஊராட்சிவாரிப் புற்றுநோய்ப் பதிவு விவரம் (மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து), கழிவு மணல் கொட்டும் இடத்தின் அளவீட்டு அறிக்கைகள், தொழிலாளர் பரிசோதனை முறை. வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை 2023-இல் அரசு சோதனை முறையில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் குமரியும் ஒன்று. உங்கள் ஊரில் எத்தனை பேருக்குப் பார்த்தார்கள் என்பதும் நல்ல கேள்வி.

17. கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டாம்னு சட்டம் மாத்திட்டாங்களாமே. அப்ப மணல் திட்டத்த எங்க எதிர்க்கது?

2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி, கூட்டத்துக்கு 30 நாள் முன்பு பத்திரிகை அறிவிப்பு, வரைவு அறிக்கை பொதுப் பார்வைக்கு, பேசியதெல்லாம் வீடியோப் பதிவு என்று முறை இருந்தது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் கனிம மணல் சுரங்கத் திட்டம் 2024-இல் கிளம்பியபோது எல்லாரும் காத்திருந்தது அந்தக் கூட்டத்துக்குத்தான். 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்துக் குறிப்பாணை வெளியிட்டது. அமைச்சகத்தின் குறிப்பாணைதான் இது. நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றவில்லை. இந்த வித்தியாசம் நீதிமன்றத்தில் முக்கியம்.

கூட்டம் போனாலும் கோப்பு இருக்கிறது. அது டெல்லியில் மதிப்பீட்டுக் குழுவின் முன் போகும். அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கூட்டப் பொருளைப் பார்த்து, அதற்கு முன்பே ஆட்சேபங்களை எழுத்தில் அனுப்ப வேண்டும்: வீடுகள் எத்தனை, குடிநீர்க் கிணறு எவ்வளவு தூரம், கடலரிப்பு எங்கே. 4-ஆவது பதிலில் சொன்ன கிராம சபைத் தீர்மானத்தையும் பேரூராட்சி மன்றத் தீர்மானத்தையும் இணையுங்கள். அனுமதி வந்துவிட்டால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தக்க காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். இந்தக் கணக்கைத் தவறவிட்டவர்கள் அதிகம்.

18. கஷ்டப்பட்டு டாக்டர் போட வச்சோம். மூணே மாசத்துல வேற ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க. திரும்ப முதல்ல இருந்தா?

முதலிலிருந்து இல்லை. பணியிடம் உங்கள் நிலையத்தின் பெயரில்தான் இருக்கும், சம்பளமும் அங்கேதான் எழுதப்படும், ஆள் மட்டும் மாற்றுப்பணியில் வேறு நிலையத்தில் இருப்பார். காகிதத்தில் காலியிடம் இல்லாததால் புதிய ஆளும் வரமாட்டார். இதனால்தான் 7-ஆவது பதிலில் மாற்றுப்பணி ஆணை நகலைத் தனியாகக் கேட்கச் சொன்னோம். கோரிக்கையை "டாக்டர் வேண்டும்" என்று எழுதாமல் "இன்ன தேதியிட்ட மாற்றுப்பணி ஆணையை ரத்து செய்து, பணியிடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும்" என்று எழுதுங்கள். இதற்கு அரசாணை வேண்டாம். மாவட்ட அளவிலேயே முடியும். 5-ஆவது பதிலின் நோட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரமாவது எடுத்து எழுதிக்கொண்டே இருந்தால், ஆள் நகர்ந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.